பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகல்: ரிட்டர்ன் ஹோஸை வீட்டிலேயே மாற்றும் முறை

காலையில் வண்டியை நகர்த்திய பின் தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் செந்நிற எண்ணெய்க் கறை தெரிந்து, ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து ‘ஊய்ங்’ என்ற முனகலும் கேட்டால், பவர் ஸ்டீயரிங் ஆயில் எங்கோ ஒழுகுகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். உடனே முன் சக்கரங்களைத் திருப்பும் பாகமான ஸ்டீயரிங் ரேக்கே போய்விட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒழுகுவது, ஆயில் தொட்டிக்குத் திரும்பிவரும் ரப்பர் குழாயான ரிட்டர்ன் ஹோஸாக இருந்தால் அரை நாளில் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டுதான் வேலையில் இறங்க வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியில் இந்த ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார்தான் துணை செய்கிறது. அவற்றில் இந்த ஆயிலே கிடையாது. பொலிரோ, 2005இல் வந்த முதல் தலைமுறை இன்னோவா போன்ற வண்டிகளில் எஞ்சின் பெல்ட்டால் சுழலும் பம்ப் ஒன்று ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது. சிறிய தொட்டியிலிருந்து பம்புக்கும், அங்கிருந்து பிரஷர் ஹோஸ் வழியாக ஸ்டீயரிங் ரேக் அல்லது ஸ்டீயரிங் கியர் பாக்ஸுக்கும் சென்ற ஆயில், ரிட்டர்ன் ஹோஸ் வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்துப் பிடிக்கும்போது பிரஷர் பக்கத்தில் 1000 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் ஏறும்; கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 30 பிஎஸ்ஐ சுமார்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ரிட்டர்ன் பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைவு. அதனால்தான் அங்கே சாதாரண ஹோஸும் கிளிப்பும் போதுமானவையாக இருக்கின்றன. வீட்டில் வைத்துச் செய்யத்தக்க வேலையும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

கசிவின் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. சொட்டு விழும் இடமும் ஒழுகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. என் பழைய டீசல் வண்டியில் ஸ்டீயரிங் ரேக்கின் இடது முனையிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்த மெக்கானிக், ரேக்கையே மாற்ற வேண்டும் என்றார். மனம் ஒப்பாமல் வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டிக்கு அடியில் ரிட்டர்ன் ஹோஸ் மாட்டியிருந்த கிளிப்பின் கீழ் விளிம்பில் மிளகளவு ஆயில் திரண்டது. அது ஹோஸின் முதுகில் வழிந்து, இரும்புக் குழாயைப் பற்றிக்கொண்டு இறங்கி, இரண்டடி தள்ளி ரேக்கின் மேல் சொட்டியது. கிளிப்பைக் கழற்றினால், பல ஆண்டுகளாக எஞ்சின் சூட்டில் கிடந்த ஹோஸின் முனை பிளாஸ்டிக் போல விறைத்து, நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. அந்த ஒரு துண்டு ரப்பரை மாற்றியதும் கசிவு நின்றது.

ஆகவே எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, தொட்டி, பம்ப், ஹோஸ்கள், ரேக் அனைத்தையும் டிகிரீசரும் துணியும் கொண்டு துடைத்து உலர விடுங்கள். ஆல்டர்னேட்டரின் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள். உலர்ந்த இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவி, வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, எஞ்சினை ஓடவிட்டு, வேறொருவரை ஸ்டீயரிங்கை மெதுவாக இருபுறமும் திருப்பச் சொல்லுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெண்மையான பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே கசிவின் தலை. எஞ்சின் ஓடும்போது பிரஷர் ஹோஸைக் கையால் தடவிப் பார்ப்பது பெரும் ஆபத்து. ஊசித் துளை வழியே அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சிறு புள்ளிதான் தெரியும் என்றாலும், அதற்கு உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிடைத்த தடயத்தை இப்படிப் படிக்கலாம். ரிட்டர்ன் ஹோஸிலோ அதன் கிளிப்பிலோ ஈரம் இருந்தால் நீங்களே செய்யலாம். பிரஷர் ஹோஸ் பம்பில் சேரும் போல்ட்டில் ஈரம் இருந்தால், அங்குள்ள காப்பர் வாஷர்கள் காரணமாக இருக்கலாம். புது வாஷர் போட்டு, சர்வீஸ் மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கத் தெரிந்தவர் மட்டும் அதைத் தொடட்டும். பம்பில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குப் பின்னால் ஆயில் சிதறியிருந்தால், அச்சைச் சுற்றி ஆயிலை அடைத்து நிற்கும் ஷாஃப்ட் சீல் தேய்ந்திருக்கிறது. ரேக்கின் முனையிலுள்ள ரப்பர் உறையை அமுக்கும்போது உள்ளே ஆயில் குலுங்கினால் ரேக்கின் உள் சீல் போய்விட்டது. இந்த இரண்டும் பட்டறை வேலை. பிரஷர் ஹோஸே வெடித்திருந்தால் முழு ஹோஸையும் மாற்றியாக வேண்டும். அதை வெட்டி இடையில் துண்டு ஒட்டி கிளிப் போடுவது உயிரோடு விளையாடுவது.

ரிட்டர்ன் ஹோஸ்தான் என்று உறுதியானதும், பெரிய சிரிஞ்சால் தொட்டியிலுள்ள ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு கிளிப்பைத் தளர்த்துங்கள். விறைத்த ஹோஸை இழுத்தால் பிளாஸ்டிக் தொட்டியின் மூக்கு ஒடிந்துவிடும். முதலில் சற்றே முறுக்கி அசைத்து, வரவில்லையென்றால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். முனை மட்டும் கெட்டு, நீளத்தில் தளர்ச்சி மிச்சமிருந்தால், இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டுவதும் ஒரு வழி. ஆனால் ஒரு முனை வெடித்த ஹோஸின் மறுமுனையும் அதே வயதுதான் என்பதால் முழுவதையும் மாற்றுவதையே நான் விரும்புவேன். பழைய ஹோஸைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள்விட்டத்தில், பவர் ஸ்டீயரிங் ரிட்டர்னுக்கென்றே தயாரித்ததைக் கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் உதவாது. எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊறிப் பருத்துவிடும். புது ஹோஸைக் குழாயின் மேட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே தள்ளி, அந்த விளிம்புக்குப் பின்னால் புதுக் கிளிப்பைப் போட்டு, ரப்பர் வெட்டுப்படாத அளவுக்கு இறுக்குங்கள்.

தொட்டியின் மூடியில் எந்த ஆயில் எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே ஊற்றுங்கள்; பல வண்டிகளுக்கு அது ஏடிஎஃப் எனப்படும், ஆட்டோமேட்டிக் கியருக்கான செந்நிற ஆயில். பிரேக் ஆயிலைத் தவறிக்கூட ஊற்றக்கூடாது. சீல்கள் அனைத்தும் கெட்டுவிடும். கசிவை அடைக்கும் என்று டப்பாவில் விற்கும் திரவம் பழைய சீலைக் கொஞ்சம் ஊத வைக்குமே தவிர, வெடித்த ஹோஸை ஒன்றும் செய்யாது.

அடுத்தது காற்றை எடுப்பது. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி ஜாக் ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வேண்டாம். அவை சொல்லாமல் நொறுங்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகப் பதினைந்து இருபது முறை திருப்புங்கள். ஆயில் மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வர வேண்டும். குமிழிகள் அடங்கிய பின் எஞ்சினை ஓடவிட்டு மறுபடி திருப்புங்கள். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். தொட்டியில் ஆயில் ரோஸ்மில்க் போல நுரைத்துக் கலங்கினால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டு, மீண்டும் முதலிலிருந்து செய்யுங்கள். இதில் அவசரப்பட்டால் பம்புதான் தேயும்.

கடைசியாக, பெல்ட்டிலும் சைலன்சர் மேனிஃபோல்டிலும் சிந்திய ஆயிலை முழுவதும் துடையுங்கள். சூடான மேனிஃபோல்டில் விழும் ஆயில் தீப்பிடிக்கக்கூடியது. ஊறிப்போன பெல்ட் வழுக்கும், அதை மாற்றிவிடுவதே மேல். இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். இரவில் வண்டிக்கு அடியில் புது அட்டையை விரித்து, ஒரு வாரம் தினமும் காலையில் அதையும் ஆயில் மட்டத்தையும் பாருங்கள். மட்டம் இறங்காமல் அட்டையும் காய்ந்து கிடந்தால், நெடுந்தூரப் பயணத்துக்கு வண்டியை எடுக்கலாம்.