விலிஸ்கா வழக்கு: துப்பு துலங்காத பழைய கொலையை நாமே படித்துப் பார்ப்பது எப்படி

யூடியூபில் விலிஸ்கா என்று தேடினால் வருவதில் முக்கால்வாசி பேய்க்கதைதான். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுங்கள். விஷயம் இதுதான்: 1912 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயத்தை நம்பி வாழ்ந்த விலிஸ்கா என்ற சிற்றூரில், ஒரே வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எட்டுப் பேரை யாரோ கோடரியால் அடித்துக் கொன்றுவிட்டுப் போய்விட்டார்கள். எட்டில் ஆறு பேர் குழந்தைகள். விவசாயக் கருவிகள் விற்கும் ஜோசையா மூர், அவர் மனைவி சாரா, அவர்களுடைய பிள்ளைகள் ஹெர்மன், கேத்ரின், பாய்ட், பால், அப்புறம் சர்ச்சில் குழந்தைகள் தின நிகழ்ச்சி முடிந்து அன்று இரவு மட்டும் தங்க வந்த லீனா, ஐனா என்ற ஸ்டில்லிங்கர் வீட்டு அக்கா தங்கை. கடைக்குட்டி பாலுக்கு 5 வயது. நூறு வருஷம் தாண்டியும் யார் செய்தது என்று தெரியாது.

இந்த மாதிரி வழக்கில் எல்லாரும் முதலில் "யார் கொன்றான்" என்பதில் போய் விழுகிறார்கள். அங்கே ஆரம்பித்தால் கடைசிவரை யாரோ சொன்ன கதையைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் படிக்க வேண்டியது மரண விசாரணை வாக்குமூலங்கள். ஜூன் 11ஆம் தேதி, அதாவது உடல்களைக் கண்ட மறுநாளே, கரோனர், அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி, சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அது எழுத்தில் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது. வதந்தி கெட்டிப்படுவதற்கு முன்னால் எடுத்த வாக்குமூலம் என்பதால் இதற்கு இருக்கும் மதிப்பு பின்னால் வந்த எதற்கும் கிடையாது என்பது என் கட்சி.

அதில் பக்கத்து வீட்டு மேரி பெக்கம் சொன்னதை மெதுவாகப் படியுங்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணி ஆகியும் மூர் வீட்டில் ஆள் அரவம் இல்லை. காலை வேலை எதுவும் தொடங்கவில்லை. இந்த அம்மாள் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கிறார், திறக்க முயல்கிறார், கதவு பூட்டியிருக்கிறது. சரி என்று மூர் வீட்டுக் கோழிகளைத் திறந்துவிட்டுவிட்டு ஜோசையாவின் சகோதரர் ராஸுக்கு ஆள் சொல்லி அனுப்புகிறார். அவர் சாவி கொண்டுவந்து திறந்து, கீழ் அறையை எட்டிப் பார்த்ததும் வெளியே ஓடிவருகிறார். விடிந்தும் கோழி அடைபட்டுக் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லாமல் போகும் என்பது கிராமத்தில் இருந்தவர்களுக்குப் புரியும். இந்த வழக்கில் யாரும் மறுக்காத ஆரம்பப் புள்ளி இதுதான்.

இப்போது ஒரு நோட்டை எடுத்து நெடுக்காகக் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள். என்ன, யார் பார்த்தது, என்றைக்குச் சொன்னது. எந்தத் தகவல் கண்ணில் பட்டாலும் இந்த மூன்றும் நிரம்பாவிட்டால் பென்சிலில் மட்டும் எழுதுங்கள். கோடரி ஜோசையாவுடையதே, கொலைகாரன் அதை ஸ்டில்லிங்கர் பெண்கள் கிடந்த கீழ் அறையிலேயே விட்டுப் போயிருந்தான், பக்கத்தில் ஒரு துண்டு உப்புப் பன்றி இறைச்சி. முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தான். விளக்கின் சிம்னியைக் கழற்றி வைத்துத் திரியை இறக்கியிருந்தான். மாடியில் கோடரியை ஓங்கியபோது கூரையில் பட்ட வெட்டுத்தடம். இவற்றுக்கெல்லாம் பார்த்த ஆள் இருக்கிறார். ஆனால் "கண்ணாடியை மூடியதால் அவன் குற்றவுணர்ச்சி உள்ளவன்" என்று யாராவது எழுதினால் அதற்குப் பார்த்த ஆள் யார்? பொருளுக்குச் சாட்சி உண்டு, பொருளின் அர்த்தத்துக்கு இல்லை. கொலைகாரன் முன்கூட்டியே பரணில் ஒளிந்து காத்திருந்தான் என்று எல்லா வீடியோவிலும் வருகிறதே, அதையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள்.

வீட்டின் வரைபடம் ஒன்றைக் கையாலேயே போட்டுக்கொள்வது நல்லது. கீழே விருந்தாளிப் பெண்கள், மேலே ஒரு அறையில் பெற்றோர், அடுத்ததில் நாலு பிள்ளைகள். ஒரு ஆள் எட்டுப் பேரை, யாரும் எழுந்து ஓடாமல், எந்த வரிசையில் அடித்திருக்க முடியும் என்ற கேள்வி படத்தைப் பார்த்தால்தான் உறைக்கும்.

அடுத்து, தடயம் எப்படி அழிந்தது என்று பாருங்கள், ஏனென்றால் வழக்கு அங்கேதான் செத்தது. சேதி பரவியதும் ஊரே அந்த வீட்டுக்குள் புகுந்து அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது என்ற நினைப்புதான், கெட்ட எண்ணம் இல்லை. தேசியக் காவல் படை வந்து கூட்டத்தை ஒதுக்கும்போது காலம் கடந்துவிட்டது. நெப்ராஸ்காவின் பியட்ரிஸிலிருந்து மோப்ப நாய்களைக் கொண்டுவந்தார்கள், அவை நோடவே ஆறு வரை போய் நின்றுவிட்டன. கைரேகை எடுப்பவர் வருவதற்குள் எத்தனையோ கை பட்டாயிற்று. ஆகவே "டிஎன்ஏ பார்த்தால் தெரிந்துவிடுமே" என்பவர்களிடம், எதில் பார்ப்பது என்று மட்டும் கேளுங்கள்.

இதற்கு அப்புறம்தான் சந்தேக நபர்கள். இங்கே ஊர் அரசியல் தெரியாமல் நகர முடியாது. மூர் பல வருஷம் வேலை பார்த்தது பிராங்க் ஜோன்ஸ் என்பவரின் விவசாயக் கருவிக் கடையில். அப்புறம் விலகித் தனிக்கடை போட்டார், ஜான் டியர் என்ற பெரிய விவசாயக் கருவிக் கம்பெனியின் ஏஜென்சியும் அவரிடம் போனது. ஜோன்ஸ் பின்னாளில் மாநில செனட்டர். போதாக்குறைக்கு இருவரும் வேறு வேறு கிறிஸ்தவப் பிரிவு: ஜோன்ஸ் மெதடிஸ்ட், மூர் பிரெஸ்பிட்டேரியன். வியாபாரப் பகையும் சர்ச்சும் சேர்ந்தால் ஊர் இரண்டாகப் பிளக்காமல் என்ன செய்யும்? வில்கர்சன் என்ற தனியார் துப்பறிவாளர் வந்து, ஜோன்ஸ்தான் மேன்ஸ்பீல்ட் என்பவனைக் கூலிக்கு அமர்த்திக் கொன்றார் என்று கூட்டம் போட்டே பேசினார். 1916இல் கிராண்ட் ஜூரி, அதாவது ஒருவர்மேல் வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, மேன்ஸ்பீல்டைக் குற்றம் சாட்ட மறுத்தது, கொலை நடந்த நாளில் அவர் இல்லினாயில் வேலையில் இருந்ததற்குச் சம்பளப் பதிவேடு சாட்சி. ஒரு காகிதம் முழுக் கதையையும் கவிழ்த்தது. ஆனாலும் ஜோன்ஸ் பெயர் இன்றுவரை அடிபடுகிறது, ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதே.

நீதிமன்றம் வரை போனது ஒருவர்தான். ஜார்ஜ் கெல்லி, ஊர் ஊராகப் போகும் இங்கிலாந்துப் பாதிரியார், அந்த ஞாயிறு நிகழ்ச்சிக்கு வந்துவிட்டு மறுநாள் விடியற்காலை ரயிலில் கிளம்பியவர். 1917இல் ராத்திரி முழுக்க விசாரித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள், அவர் பின்னால் அதை மறுத்துவிட்டார். முதல் விசாரணையில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, இரண்டாவதில் விடுதலை. விடிய விடிய உட்கார வைத்து வாங்கிய வாக்குமூலம் எந்த நாட்டில் வந்தாலும் ஒரே கேள்வியை வைத்துப் படியுங்கள்: கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு விவரமாவது அதில் உண்டா, இல்லை ஐந்து வருஷமாகப் பத்திரிகையில் வந்ததுதானா?

ரயிலில் வந்து போகும் தொடர் கொலைகாரன் என்ற கோட்பாடும் உண்டு. எனக்கு இதில்தான் கொஞ்சம் நம்பிக்கை. 1911 செப்டம்பரில் கொலராடோ ஸ்பிரிங்ஸ், அக்டோபரில் கேன்சஸின் எல்ஸ்வொர்த், விலிஸ்காவுக்குச் சில நாள் முன்னால் அதே கேன்சஸின் பயோலா என்று வீட்டோடு அடித்துக் கொன்ற சம்பவங்கள் நடந்திருக்கின்றன. ஒரு பழைய ரயில் வரைபடத்தில் இவற்றைக் குறித்துப் பாருங்கள். ஒற்றுமைகளை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள், பக்கத்திலேயே வேற்றுமைகளையும் எழுதுங்கள். கோடரி அன்று எல்லார் கொல்லையிலும் கிடந்த சாமான், அதை ஒற்றுமைக் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் ஏமாற்றுவேலை.

அந்த வீட்டை 1994இல் வாங்கிப் பழையபடி புதுப்பித்து, இரவு தங்கவும் விடுகிறார்கள். பணம் கட்டிப் பேய் பார்க்கப் போகிறவர்கள் போகட்டும், ஐந்து வயதுக் குழந்தை அடிபட்டுச் செத்த அறையில் காமிராவோடு படுப்பது எனக்கு ஒப்பவில்லை.

பழைய செய்தித்தாள்களுக்கு அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இலவசச் சேகரிப்பு போதும். 1912 ஜூன் 11 தொடங்கி ஒரு வாரத்து இதழ்களை முதலில் படியுங்கள், தூரத்து ஊர்ப் பத்திரிகையில் எண்ணிக்கையும் பெயரும் எப்படி மாறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அது கைவந்த பிறகு 1917இன் கெல்லி விசாரணைச் செய்திகளுக்குப் போங்கள். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.