பாய்ச்சற் கோட்டுப்படம்: தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வேலையின் படிகளைப் பெட்டிகளாலும் அம்புகளாலும் காட்டுவதுதான் பாய்ச்சற் கோட்டுப்படம் (flowchart). அதை வரைகிற சாதாரண தரப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகிறேன். டிப்ளோமா முடித்துவிட்டு இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் கடைகளுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிற தம்பிமாரின் தாள்களும் என்னிடம் வருகின்றன. இரண்டிலும் நாங்கள் படித்த காலத்துப் பிழைகள்தான் மாறாமல் இருக்கின்றன. இணைகரம் போட வேண்டிய இடத்தில் செவ்வகம் போட்டது, அம்புக்குத் தலை வைக்க மறந்தது, 'முடிவு' என்ற நீள்வட்டத்தை விட்டது, இவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. இரண்டு தடவை புள்ளி போனால் தானாகத் திருந்திவிடும். பரீட்சையில் முழுப் புள்ளியும் வாங்கிவிட்டு, பிறகு வேலையில் காசைத் தின்கிற பிழைகள் வேறு.

வேலையைப் பார்க்காமல் படம் வரைவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வரும்.

ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுவையைக் கணினியில் ஏற்றி, செக்ரோல் (தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவு) கணக்குப் போட்டுத்தரச் சொல்லி இரண்டு இளைஞர்களிடம் கேட்டிருந்தார்கள். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், ஐ.சி.ரி. பாடத்தில் ஏ சித்தி. படத்தை என்னிடம் காட்டியபோது எல்லாம் முடிந்து செய்நிரலும் (program) ஓடிக்கொண்டிருந்தது. பார்வைக்கு அச்சடித்தது மாதிரி இருந்தது. நிறையை உள்ளிடு. அடுத்து, ஆம்/இல்லை கேள்வி கேட்கிற சாய்சதுரம்: நிறை 18ஐ விடப் பெரிதா? ஆம் என்றால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; இல்லை என்றால் அரைப் பேர். பிறகு இன்னொரு சாய்சதுரம்: அடுத்த நிறுவை இருக்கிறதா? இருந்தால் மேலே போ.

அந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்கு 18 கிலோ என்பது சரிதான். ஆனால் கொழுந்து ஒரே தடவையில் நிறுக்கப்படுவதில்லை. காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. ஓர் அக்கா காலையில் 7, பகலில் 6, மாலையில் 8 கிலோ எடுத்தால் மொத்தம் 21. முழுப் பேரும், மேலதிகமாக 3 கிலோவும் அவருக்குச் சேர வேண்டும். இந்தப் படமோ 7ஐப் பார்த்து அரைப் பேர் என்றது, 6ஐப் பார்த்து அரைப் பேர் என்றது, 8ஐப் பார்த்தும் அதையே சொன்னது. மலையில் இறங்கி ஏறிய பொம்பளைகள் அத்தனை பேருக்கும் அரைப் பேர்!

சம்பளத்துக்கு முதல் நாள்தான் இது கிளாக்கரின் கண்ணில் பட்டது. ஆபிசில் இரவோடு இரவாகக் கைக்கணக்குப் போட்டார்கள். தம்பிமாருக்கு வரவேண்டிய மீதிக் காசு வரவேயில்லை. நிறுவையைப் பார்க்கிற வயதான கணக்கப்பிள்ளை சத்தம் போடவில்லையாம். "ஒரு நா நெறுவைக்கு வந்து நின்னிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்குமே தம்பி" என்று மட்டும் கேட்டாராம். அதையும் இவர்கள் என்னிடம் முறைப்பாடாகத்தான் சொன்னார்கள்: "அவங்க முதல்லயே சொல்லல சேர்." நாள் தவறாமல் மூன்று நிறுவை பார்க்கிற மனிதருக்கு அது சொல்ல வேண்டிய விசயமாகவே தோன்றாது. கேட்க வேண்டியது நாம்.

திருத்தம் சின்னதுதான். மேலே 'மொத்தம் = 0' என்று ஒரு செவ்வகம். ஒவ்வொரு நிறுவையிலும் 'மொத்தம் = மொத்தம் + நிறை'. நிறுவை எல்லாம் முடிந்து, திரும்பத் திரும்ப நடக்கிற அந்தச் சுற்றிலிருந்து (loop) வெளியே வந்த பிறகு, ஒரே ஒரு தடவை 18உடன் ஒப்பிடு. சாய்சதுரத்தைச் சுற்றுக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்பதற்குள்தான் ஒரு மாதச் சம்பளம் கிடந்தது. கூடவே 'பெரிதா' என்ற சொல்லும் தப்பு. சரியாக 18 கிலோ எடுத்தவரின் பேர் அந்த இடத்தில் பாதியாகிவிடும். 'பெரிது அல்லது சமன்' என்று இருக்க வேண்டும்.

இந்த இரண்டு பேரையும் எழுப்பிவிட்டு 'முறைமைப் பகுப்பாய்வாளரின் பணி என்ன?' என்று கேட்டால், பயனரின் தேவைகளைக் கண்டறிந்து என்று தொடங்கி மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். நிறுவைக் களத்துக்கு மட்டும் போகவில்லை. இத்தனைக்கும் இந்த மாதிரிப் படங்கள் கணினிக்கு முன்பே, வேலை செய்கிறவர்களைக் கூர்ந்து பார்த்ததில் பிறந்தவை. பிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதி 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்த செயன்முறைப் படங்கள், ஒரு வேலை எந்தெந்தப் படியாக நடக்கிறது என்பதைக் காட்டத்தான் வரையப்பட்டன.

ஆகவே போய் நில்லுங்கள். கொழுந்தெடுப்பவர், கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர், ஆளுக்கு ஒரு துண்டு தெரியும். முழுக் கணக்கும் ஒருவரிடம் இருக்காது. சாக்குக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள்? ஒவ்வொரு நிறுவையிலுமா, கடைசியிலா? எடுத்த கிலோவுக்குக் காசு கொடுக்கிற கைக்காசு நாளில் பேர்க் கணக்கு உண்டா? பகலோடு வீட்டுக்குப் போனவருக்கு என்ன? வந்து வரையுங்கள். வரைந்த பிறகு 17, 18, 19 மொத்தம் வருகிற மாதிரி மூன்று ஆட்களைக் கற்பனை செய்து, விரலைப் பெட்டி பெட்டியாக நகர்த்தி, 'மொத்தம்', 'நிறை' போன்ற ஒவ்வொரு மாறியின் பெறுமானத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கால் மணித்தியாலம் போதும். செய்நிரல் எழுதிய பிறகு இதே பிழையைத் தேட ஒரு கிழமை போகும்.

பணிப்பெயரை ஆள் என்று நினைப்பது

புத்தகத்தில் பகுப்பாய்வாளர், செய்நிரலாளர், தரவுத்தள நிருவாகி, வலையமைப்பு நிருவாகி, தரவு உள்ளீட்டாளர் என்று வரிசையாக இருப்பதால், ஆளுக்கு ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் டவுனில் அத்தனையும் ஒரே ஆள்தான், பிரின்டருக்கு மை ஊற்றுவதும் அவரே. அதில் தப்பில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வதுதான் தப்பு. 1947இல் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜோன் வொன் நொய்மனும் கணினிக்குக் கணக்கைத் தயார்செய்வது பற்றி எழுதியபோதே, படம் வரைவதை ஒரு கட்டமாகவும் குறிமுறை எழுதுவதை அதற்குப் பிந்திய கட்டமாகவும் பிரித்துவிட்டார்கள்.

தரவு உள்ளிடுகிறவரை மறப்பது

18 என்பதற்கு 180 என்று கை தவறும். தடுக்கிற சாய்சதுரம் உங்கள் படத்தில் எங்கே?

ஒரே வாசல் உள்ள சாய்சதுரம்

'இல்லை' என்ற வழி எங்கும் போகவில்லை என்றால் நீங்கள் யோசித்து முடிக்கவில்லை.

மாறும் எண்ணைப் பெட்டிக்குள் பூட்டுவது

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது. 2024இல் 1350. படத்தில் நாலு இடத்தில் 1000 என்று எழுதி வைத்தவர் நாலையும் தேடிப் பிடிக்க வேண்டும், மூன்றைத்தான் பிடிப்பார். தொடக்கத்திலேயே 'நாட்சம்பளம்' என்று ஒரு மாறியை உள்ளிட்டால் அங்கே மட்டும் மாற்றினால் போதும். 18 கிலோவுக்கும் இதுதான் வழி. மழைக்காலத்திலும் வறட்சியிலும் அந்த அளவு அப்படியே இருக்குமா என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டீர்களா?

அம்புகளைப் பின்னிவிடுவது

ஓர் அம்பு இன்னொன்றை வெட்டிக்கொண்டு போனால் படத்தை மறுபடி வரையுங்கள். எந்தச் சிக்கலான கணக்கையும் தொடர் (ஒன்றன்பின் ஒன்று), தெரிவு (ஆம்/இல்லை), மீள்செயல் (சுற்று) ஆகிய மூன்று அமைப்புகளாலேயே எழுதலாம் என்று கொராடோ போம், ஜுசெப்பே யாக்கோபினி என்ற இத்தாலியர் இருவர் 1966இல் நிறுவிவிட்டார்கள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக ஓடுவதுதான் வழமை. பக்கம் முடிந்துவிட்டால் சிறு வட்டம் போட்டு எழுத்திட்டு, அடுத்த பக்கத்தில் அதே எழுத்திலிருந்து தொடருங்கள்.

செய்நிரலை எழுதிவிட்டு ஒப்புக்குப் படம் வரைவது

திருத்துகிறவருக்குத் தெரியும்.

பெட்டிக்குள் செய்நிரல் வரியை எழுதுவது

'மொத்தத்துடன் நிறையைக் கூட்டு' என்றால் கிளாக்கருக்கும் விளங்கும். முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பைத்தன் மொழி வரியைக் கொண்டுவந்து ஒட்டினால் உங்களுக்கு மட்டும்தான் விளங்கும். உங்களுக்கு மட்டும் என்றால் செய்நிரலே போதுமே, படம் எதற்கு? வரைந்ததைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துக்கொண்டே போய் எந்தப் பெட்டியில் அவர் நிற்கிறாரோ, அந்தப் பெட்டியைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.