ரிமோட் டெஸ்க்டாப் சர்வருக்கு சர்டிஃபிகேட் மாத்துறது: பவர்ஷெல்லிலேயே முடிச்சிடலாம்

விண்டோஸ் சர்வருக்கு ரிமோட் டெஸ்க்டாப்ல கனெக்ட் பண்ணும்போது "இந்த கம்ப்யூட்டரோட அடையாளத்தை உறுதி செய்ய முடியல"ன்னு ஒரு மஞ்சள் வார்னிங் வரும்ல, அதை எல்லாரும் படிக்காமலே யெஸ் அழுத்திட்டுப் போயிடுறோம். அங்கதான் ஆபத்து, ஏன்னா நடுவுல எவனாவது உக்காந்து வேற மெஷினைக் காட்டினாலும் இதே வார்னிங்தான் வரும், நாமளும் பழக்கதோஷத்துல யெஸ்தான் அழுத்துவோம்.

வார்னிங் வர்றதுக்குக் காரணம், சர்வர் தனக்குத்தானே கையெழுத்து போட்டுக்கிட்ட ஒரு சர்டிஃபிகேட்டை (சர்வரோட அடையாள அட்டை மாதிரி) வச்சிருக்கு. 6 மாசம்தான் ஆயுள், முடிஞ்சா அதுவே புதுசு போட்டுக்கும். நாம நிஜ சர்டிஃபிகேட் வைக்கணும்னா முன்னாடி அதுக்குன்னு ஒரு செட்டிங்ஸ் விண்டோ இருந்துச்சு, சர்வர் 2012லயே அதை எடுத்துட்டாங்க. ஆக தனி சர்வர்னா கமாண்ட் லைன்தான் நேர்வழி.

முதல்ல இப்ப என்ன இருக்குன்னு பாருங்க. பவர்ஷெல்லை (விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கிற விண்டோ) அட்மினா திறந்து, கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கமாண்டுக்கு நேம்ஸ்பேஸா ரூட் சிம்வி2 டெர்மினல்சர்வீசஸ், கிளாஸா வின்32_டிஎஸ்ஜெனரல்செட்டிங், ஃபில்டரா டெர்மினல்நேம் ஆர்டிபி-டிசிபின்னு குடுங்க. வர்ற பதில்ல ரெண்டு வரி முக்கியம். எஸ்எஸ்எல்சர்டிஃபிகேட்ஷா1ஹாஷ், அதான் இப்ப ஓடுற சர்டிஃபிகேட்டோட தம்ப்பிரிண்ட், அதாவது அந்த சர்டிஃபிகேட்டை அடையாளம் காட்டுற எழுத்துக் கோர்வை. அதே பேரோட கடைசில டைப்னு முடியுற இன்னொண்ணு, அதுல 1 இருந்தா தானா போட்டுக்கிட்ட சர்டிஃபிகேட், 2 இருந்தா குரூப் பாலிசி (டொமைன் அட்மின் மெஷின்களுக்கு மொத்தமா போடுற விதி) திணிச்சது, 3 இருந்தா யாரோ கையால வச்சது. 2ன்னு வந்தா இங்கயே நிறுத்திட்டு டொமைன் அட்மின்கிட்ட பேசுங்க, நீங்க என்ன மாத்தினாலும் பாலிசிதான் ஜெயிக்கும்.

இனி சர்டிஃபிகேட். பிரைவேட் கீ (சர்டிஃபிகேட்டோட ரகசியச் சாவி) உள்ள இருக்கிற பிஎஃப்எக்ஸ் ஃபைலா வாங்கிக்கோங்க, சர்வர் ஆதென்டிகேஷன் யூசேஜ் இருக்கணும், அதுல இருக்கிற பேரும் யூசர் கனெக்ட் பண்ண டைப் அடிக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். ஐபி நம்பர் போட்டு கனெக்ட் பண்ற பழக்கம் இருந்தா பேருக்கு வாங்கின எவ்ளோ நல்ல சர்டிஃபிகேட் வச்சாலும் வார்னிங் வந்துக்கிட்டே தான் இருக்கும், முதல்ல அந்தப் பழக்கத்தை மாத்துங்க. டாட் லோக்கல்னு முடியுற பேருக்கு பப்ளிக் சர்டிஃபிகேட் கிடைக்கவே கிடைக்காது, அதுக்கு உங்க டொமைனோட சொந்த சிஏதான் (சர்டிஃபிகேட் குடுக்கிற சர்வர்).

இம்போர்ட் பண்ண இம்போர்ட்-பிஎஃப்எக்ஸ்சர்டிஃபிகேட் கமாண்ட், ஸ்டோர் லொகேஷன் லோக்கல்மெஷின் மை. கரண்ட்யூசர்ல போட்டுட்டா வேலைக்கு ஆகாது. பாஸ்வேர்டை கமாண்ட்லயே டைப் அடிக்காதீங்க, ஹிஸ்டரில அப்படியே கிடக்கும், ரீட்-ஹோஸ்ட்ல செக்யூர்ஸ்ட்ரிங்கா வாங்குங்க. அந்த பிஎஃப்எக்ஸ் ஃபைலையும் வேலை முடிஞ்ச கையோட சர்வர்லேர்ந்து அழிச்சிடுங்க.

இத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சு நிறைய பேர் எழுந்து போயிடுறாங்க. புதுப் பூட்டு வாங்கி பீரோவுல வச்சுட்டா வாசக்கதவு பூட்டிக்குமா? ஸ்டோர்ல சர்டிஃபிகேட் இருக்கிறது வேற, 3389 போர்ட்ல (ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் வர்ற வாசல்) கேட்டுக்கிட்டு இருக்கிற லிசனர் அதை எடுத்து நீட்டுறது வேற. லிசனருக்குத் தெரிஞ்சது தம்ப்பிரிண்ட் ஒண்ணுதான், அதைத்தான் சொல்லணும். முன்னாடி எடுத்த அதே ஆப்ஜெக்டை ஒரு வேரியபிள்ல வச்சுக்கிட்டு, செட்-சிம்இன்ஸ்டன்ஸ் கமாண்ட்ல ஹாஷ் ப்ராபர்ட்டிக்கு புது தம்ப்பிரிண்ட்டை குடுத்தா போதும். பொதுவா ரீஸ்டார்ட் வேணாம், உள்ள இருக்கிற செஷன் எதுவும் அறுந்து போகாது, புதுசா வர்ற கனெக்ஷனுக்கு புது சர்டிஃபிகேட் போகும். பழைய பதிவுகள்ல டபிள்யூமிக் கமாண்ட் போட்டு இதைச் செய்யச் சொல்லியிருப்பாங்க, புது விண்டோஸ்ல அதை நீக்கிக்கிட்டு வர்றாங்க, பவர்ஷெல்லுக்கே பழகிக்கோங்க.

"இன்வேலிட் பாராமீட்டர்"னு எரர் வந்தா மூணு சந்தேகம். சர்டிஃபிகேட் மை ஸ்டோர்ல இல்ல, இல்லன்னா பிரைவேட் கீ இல்லாம வெறும் சர்டிஃபிகேட் மட்டும் வந்திருக்கு, இல்லன்னா தம்ப்பிரிண்ட்டே தப்பு. தம்ப்பிரிண்ட் 40 எழுத்து, சர்டிஃபிகேட் விண்டோலேர்ந்து மவுசால காப்பி பண்ணினா சில நேரம் முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தும் ஒட்டிக்கிட்டு வந்திடும், பார்க்க எல்லாம் சரியாவே இருக்கும், மண்டை காயும். அதனால கெட்-சைல்ட்ஐட்டம்ல சர்டிஃபிகேட்டை எடுத்து அதோட தம்ப்பிரிண்ட் ப்ராபர்ட்டியை நேரா குடுத்திடுங்க.

கமாண்ட் எரர் இல்லாம போயும் கனெக்ஷன் ஏற்கலைன்னா ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக் பாருங்க, எஸ்சேனல் (விண்டோஸோட என்கிரிப்ஷன் பகுதி) 36870 இருந்தா கீயைப் படிக்க முடியலன்னு அர்த்தம், பெரும்பாலும் பெர்மிஷன் இல்லாததுதான் காரணம். ரிமோட் டெஸ்க்டாப் சர்வீஸ் ஓடுறது நெட்வொர்க் சர்வீஸ் அக்கவுண்ட்ல, அதுக்கு பிரைவேட் கீ ஃபைல்ல ரீட் வேணும். சர்ட்யூட்டில் கமாண்ட்ல மை ஸ்டோரை வெர்போஸா பார்த்தா யூனிக் கண்டெய்னர் பேர் வரும், புரோகிராம்டேட்டாவுக்குள்ள கிரிப்டோ ஃபோல்டர்ல அந்தப் பேர்ல ஃபைல் இருக்கும், ஐகாக்கில்ஸ் கமாண்ட்ல ரீட் மட்டும் குடுங்க, ஃபுல் கண்ட்ரோல் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

புரோக்கர், கேட்வே, வெப் ஆக்சஸ்னு முழு செட்டப் வச்சிருக்கவங்களுக்கு மேல சொன்னது பத்தாது, அங்க செட்-ஆர்டிசர்டிஃபிகேட்தான். ரோல் நாலு: கேட்வே, வெப்ஆக்சஸ், ரீடைரக்டர், பப்ளிஷிங் (கடைசி ரெண்டும் புரோக்கரோடது). ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா போடணும், கேட்வேக்கு மட்டும் போட்டுட்டு பப்ளிஷிங்கை விட்டுட்டா யூசருக்கு வார்னிங் அப்படியே வரும். கெட்-ஆர்டிசர்டிஃபிகேட் போட்டா எது எப்ப எக்ஸ்பயரின்னு நாலும் வரிசையா தெரியும்.

ரினியூவல்தான் உண்மையான தலைவலி. புது சர்டிஃபிகேட்னா புது தம்ப்பிரிண்ட், லிசனர் பழசையே பிடிச்சுக்கிட்டு நிக்கும். முன்னாடி வருஷத்துக்கு ஒரு தடவை கையால செஞ்சு சமாளிச்சோம், இப்ப பப்ளிக் சர்டிஃபிகேட்டோட அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15லேர்ந்து 200 நாள், 2027 மார்ச்ல 100, 2029 மார்ச்ல வெறும் 47 நாள். இலவசமா சர்டிஃபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட்ல ஏற்கனவே பொதுவா 90 நாள்தான். கையால முடியிற கதையா இது? சர்டிஃபிகேட்டைத் தானா வாங்கிப் புதுப்பிக்கிற வின்-ஆக்மிங்கிற டூலைப் போட்டுக்கோங்க, சர்டிஃபிகேட் வாங்கின உடனே லிசனர்ல ஏத்துறதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் அதோடவே வருது, டாஸ்க் ஷெட்யூலர்லயும் அதுவே பதிஞ்சுக்கும். சர்வர் இன்டர்நெட்டுக்குத் திறந்திருக்க வேண்டியதில்ல, டிஎன்எஸ் வழியா வெரிஃபை பண்ணிக்கலாம். 3389ஐ சர்டிஃபிகேட்டுக்காக வெளில திறந்து விடுற வேலையை மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

பழைய சர்டிஃபிகேட்டை ஸ்டோர்லேர்ந்து தூக்குறதுக்கு முன்னாடி லிசனர் புது தம்ப்பிரிண்ட்டைத்தான் காட்டுதான்னு முதல்ல போட்ட அதே கமாண்ட்ல பார்த்துக்கோங்க, வெளிலேர்ந்து பார்க்கணும்னா என்மேப்ங்கிற நெட்வொர்க் ஸ்கேன் டூல்ல எஸ்எஸ்எல்-சர்ட் ஸ்கிரிப்டை 3389க்கு ஓட்டினா சர்வர் நீட்டுற சர்டிஃபிகேட்டோட பேரும் தேதியும் வந்திடும்.