ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் கனம் பார்த்து வாங்குங்கள்

சித்திரை வெயிலில் காரைக்குடிக் கடையிலிருந்து கானாடுகாத்தானுக்கோ பள்ளத்தூருக்கோ ஐஸ்கிரீம் டப்பா வாங்கிச் செல்பவர்கள், விலையைப் பார்ப்பதற்கு முன் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட வேண்டும். பால் கொழுப்பில் செய்ததற்கே ஐஸ்கிரீம் என்று பெயர். தாவரக் கொழுப்பில் செய்தது ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்ற பெயரில் அதே குளிர்பெட்டியில் பக்கத்திலேயே இருக்கும். அதுவும் கெட்ட பொருளன்று. ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது எடை. ஐஸ்கிரீம் மில்லிலிட்டர் கணக்கில் விற்கப்படுவதால், காற்றை அதிகமாக அடித்துச் சேர்த்தால் குறைந்த பொருளிலேயே டப்பா நிரம்பிவிடும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி, 10 சதவீதத்துக்குக் குறையாத பால் கொழுப்புள்ள சாதாரண ஐஸ்கிரீம் லிட்டருக்கு 525 கிராமாவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 700 மி.லி. டப்பாவில் ஏறத்தாழ 368 கிராம் வரும். ஒரே அளவு, ஒரே விலை என்றால் கையில் கனப்பதையே நான் எடுப்பேன்.

எங்கள் வீட்டுச் சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) வாங்கிய டப்பாவில் ஆச்சி கரண்டியை வைத்தபோது, மேலே ஊசி ஊசியாகப் பனி படிந்து நறநறவென்றது. அது உருகி மறுபடி உறைந்த சரக்கு. ஆகவே டப்பாவின் பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கினால் விட்டுவிடுங்கள். மற்ற சாமான்களையெல்லாம் வாங்கி முடித்த பிறகே இதை எடுத்து, செய்தித்தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.