பங்கு வாங்குமுன் கொப்பியில் மூன்று விலை

பங்கு வாங்க போனைத் தொடுமுன் மூன்று விலையைக் கொப்பியில் எழுதுங்கள்: வாங்கும் விலை, செலவு தீரும் விலை, நட்டத்தோடு வெளியேறும் விலை. செலவு தீரும் விலைக்கு, வாங்கும் விலையை 1.0227ஆல் பெருக்கினால் போதும்.

கொழும்புப் பங்குச் சந்தையில் 100 மில்லியன் ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்குத் தரகும் வரியும் கட்டணங்களும் சேர்த்து 1.12% போகும், வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது இன்னொரு தடவை. 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கை 102க்கு விற்றவர் இலாபம் என்று நினைப்பார், உண்மையில் கையிலிருந்து 26 சதம் போயிருக்கும். கணக்கு எழுத்தில் இருந்தால், சும்மா இருக்கப் பிடிக்காமல் அழுத்தும் ஓடர்களில் பாதி நின்றுவிடும்.

சந்தை 9.30க்குத் திறக்கும். முதல் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். மட்டக்களப்புச் சந்தையில் முதல் கூடை மீனுக்குச் சொல்லும் விலை மாதிரித்தான் அந்த நேரத்து விலையும். அப்புறமும் விலையை நீங்களே குறிக்கும் 'லிமிட்' ஓடர்தான் போடவேண்டும். கைமாற்றம் குறைந்த பங்குகளில் விலை குறிக்காத 'மார்க்கெட்' ஓடர் போட்டால், விற்பவர்கள் கேட்கும் விலைக்கெல்லாம் வாங்கிவிடும்.

அதே நாளில் வாங்கி விற்பதற்குத் தரகர் கட்டணச் சலுகை தந்தால் 1.0227 பொருந்தாது, அவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பங்கிலாபத்துக்காக வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கு அந்த முதல் அரை மணி நேரம் காத்திருந்தாலும் காத்திராவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.