ஏஐ எழுதிய குறளும் அனுமதி கேட்காத குரலும்

யூடியூபில் கதை சொல்பவர் முதல் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதுபவர் வரை பலரும் இப்போது ஏஐயைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை. எந்த வேலையை அதன் பொறுப்பில் விடுகிறோம் என்பதில்தான் சறுக்குகிறோம்.

அதிகம் சறுக்கும் இடம் மேற்கோள். உழைப்பைப் பற்றி ஒரு திருக்குறள் கேட்டுப் பாருங்கள். சில நேரம் சரியாக வரும். சில நேரம் வள்ளுவர் எழுதாத ஒன்று அதிகாரப் பெயரோடும் உரையோடும் வந்து நிற்கும். பழந்தமிழ் வாடை பலமாக அடிக்கும். எண்ணிப் பார்த்தால் முதலடியில் நான்கு சீர் இருக்காது, இரண்டாம் அடியில் மூன்று இருக்காது, சீரோடு சீர் சேரும் ஓசையான தளை தட்டும். யாப்பு தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். தெரியாதவர் அதையே வீடியோவின் முகப்பில் போட்டுவிடுவார்.

சாட்ஜிபிடி போன்ற செயலிகளின் அடிப்படை வேலை, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து அடுக்குவது; சொல்வது உண்மையா என்று பார்ப்பதல்ல. "இது நிஜமாகவே குறள்தானா?" என்று அதனிடமே திருப்பிக் கேட்பது அடுத்த தவறு. பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு பொய்க் குறளைத் தரவும் தயங்காது. இருப்பதே 1330 குறள்; வீட்டில் இருக்கும் புத்தகத்தைப் புரட்டினால் முடிந்தது. சங்கப் பாடல் என்றால் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற இரண்டு இணைய நூல் தொகுப்புகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. (அப்துல் கலாம் சொன்னதாக உலவும் பொன்மொழிகள் தனிக்கதை. அந்த வியாதி ஏஐக்கு முன்பே இருந்தது.)

பெரிய பத்திரிகைகளும் இதில் தப்பவில்லை. 2025 மே மாதம் அமெரிக்காவின் சிகாகோ சன்-டைம்ஸ் இதழோடு வந்த கோடை வாசிப்புப் பட்டியலில் 15 புத்தகங்கள் இருந்தன. அவற்றில் 10 உலகத்திலேயே இல்லாதவை. ஆசிரியர்கள் நிஜம், நூல்கள் கற்பனை. வெளியிலிருந்து வாங்கிய பகுதி அது. எழுதியவர் ஏஐ தந்ததைச் சரிபார்க்கவில்லை, அச்சுக்கு அனுப்பியவர்களும் பார்க்கவில்லை.

அடுத்தது குரல். ஒருவர் பேசிய சிறு பதிவு கிடைத்தால் போதும், அவர் சொல்லாததையும் அவர் குரலில் சொல்ல வைக்கலாம். 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக 2024 ஜனவரியில் தெரிவித்தார். அதே காலத்தில், மறைந்த பாடகர் எஸ்.பி.பி.யின் குரலை அனுமதி கேட்காமல் ஏஐயில் உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டு இடத்திலும் தொழில்நுட்பம் ஒன்றுதான். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம் என்பதே வித்தியாசம். "சும்மா ரசிகனாகச் செய்தேன்" என்ற சமாதானமும் எடுபடாது. 2024இல் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலை ஏஐ கொண்டு நகலெடுப்பதற்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவே போட்டது.

ஒப்பந்தத்தில் ஏஐ பற்றி ஒரு வரிகூட இல்லாமல் கையெழுத்துப் போடுவதும் இந்த வகைதான். 2025 ஆகஸ்டில், தனுஷ் நடித்த 'அம்பிகாபதி' படத்தின் சோகமான முடிவை ஏஐயால் மகிழ்ச்சியான முடிவாக மாற்றித் தயாரிப்பு நிறுவனம் மறுவெளியீடு செய்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராய், தனுஷ் இருவரும் எதிர்த்தும் படம் திரைக்கு வந்தது. அவர்களுக்கே அப்படியென்றால், ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று பேசிக் குரல் கொடுக்கும் கலைஞரின் நிலை என்ன? பதிவைக் கொண்டு ஏஐக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

கதை எழுதுபவர்களிடம் காணும் தவறு வேறு. உரையாடலை ஏஐயிடம் விட்டால் திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் ஒரே செய்தித்தாள் தமிழில் பேசுகிறார்கள். "நெல்லை வழக்கில் எழுது" என்றால் ஒவ்வொரு வரியிலும் 'ஏலே' போடும், அவ்வளவே. பெயர்களைச் சீராக வைத்திருக்கிறோமா, காலக்கணக்கு இடிக்கிறதா என்று பார்க்க அதைப் பயன்படுத்தலாம். பேச்சை நாம்தான் எழுத வேண்டும்.

படங்களில் தமிழ் எழுத்து பல நேரம் சிதைந்து வரும். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தைத் தனியாகச் சேருங்கள். நிஜம் என்று நம்பவைக்கும் ஏஐ காட்சிகளுக்கு 'இது ஏஐ' என்ற அறிவிப்பை யூடியூப் 2024 முதல் கேட்கிறது. பதிவேற்றும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.