கார் ஸ்கின்னின் கோடுகள் மங்காமல் ஏற்றுமதி செய்யும் முறை

அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தயக் கணினி விளையாட்டுக்காக வரையும் கார் ஸ்கின் (காரின் மேல் போர்த்தப்படும் வண்ணப் படம்), வரையும்போது கூர்மையாக இருந்துவிட்டு டிடிஎஸ் கோப்பாக (விளையாட்டு படிக்கும் பட வடிவம்) சேமித்ததும் ஓரங்கள் கலங்கிப்போவதற்கு முதன்மைக் காரணம் சுருக்கமுறையே. டிஎக்ஸ்டி1 முறை படத்தை 4×4 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு அடிப்படை நிறங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு கலவைகளையும் மட்டுமே வைத்துக்கொள்கிறது. ஆகவே சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஏதேனும் ஒரு நிறம் சிதைகிறது. பிசி7 என்ற மற்றொரு சுருக்கமுறை இக்குறையைப் பெருமளவு நீக்குகிறது. கோப்பு இருமடங்காகும் என்றாலும், மெல்லிய கோடுகள் நிறைந்த வடிவமைப்புக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

கோடுகளையும் பந்தய எண்களையும் கடைசிவரை வெக்டர் வடிவிலேயே (எந்த அளவிலும் மங்காத, பிக்சல்களால் ஆகாத வரைவு) வைத்திருந்து, 4096 பிக்சல் சதுரத்தில் நேரடியாக ஏற்றுமதி செய்யுங்கள். 2048 அளவில் முடித்த படத்தைப் பின்னர் பெரிதாக்கினால், இல்லாத நுணுக்கம் புதிதாக வந்துவிடாது. இடையில் எந்த நிலையிலும் ஜேபெக் வேண்டாம்.

சேமிக்கும்போது மிப்மேப் (தொலைவில் காட்டுவதற்கான, அதே படத்தின் சிறிய பிரதிகள்) உருவாக்கும் தெரிவை அவசியம் இயக்குங்கள். அது இல்லையெனில், தொலைவில் ஓடும் காரின் கோடுகள் மினுமினுக்கும். பாகங்களின் விளிம்புகளில் நிறத்தைச் சில பிக்சல்கள் வெளியே நீட்டி விடுங்கள். இல்லாவிட்டால் கதவின் இணைப்பில் பின்னணி நிறம் மெல்லிய கீற்றாகக் கசியும்.